நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஹீட்டர் கோடு வந்தால் சென்சார் போச்சா?

டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் பி 0031 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது. ‘ஏர்-ஃபியூயல் சென்சார் போயிருச்சு சார், மாத்திரலாம்’ என்று சொல்லிப் பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது சென்சார் மாட்டி வண்டியை எடுத்து வந்தால், இரண்டொரு நாளில் அதே விளக்கு, அதே கோடு. கார் வைத்திருக்கும் பலர் இந்த அவஸ்தையைப் பட்டிருப்பார்கள்.

அந்த சென்சாரைச் சூடேற்ற அதற்குள் இருக்கும் ஹீட்டர் அறுந்துபோவது நடக்காத காரியம் இல்லை. நிறைய நடக்கிறது. ஆனால் சோதிக்காமலே அந்த முடிவுக்குத் தாவுவதுதான் வண்டிக்காரரின் பணத்தைக் கரைக்கிறது. ஒரு மல்டிமீட்டரும் இரண்டு பல்புகளும் இருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடக்கூடிய பழுது இது. குறுக்கே நிற்பவை சில நம்பிக்கைகள்.

‘ஸ்கேனரே சென்சார்னு சொல்லுதே!’

ஸ்கேனர் அப்படிச் சொல்லவில்லை. பி 0031 என்பதன் முழுப் பொருள், முதல் வரிசை சிலிண்டர்களுக்கான முதல் சென்சாரின் ஹீட்டர் கன்ட்ரோல் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு என்பது. சர்க்யூட் என்றால் பேட்டரியில் தொடங்கி ரிலே, பியூஸ், வயர், கப்ளர் எல்லாம் கடந்து, ஹீட்டர் வழியாக இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வரைக்கும் போய் எர்த்தில் முடிகிற மொத்தப் பாதை. அதில் சென்சார் ஒரு நிறுத்தம்தான்.

இசிஎம் இந்தப் பாதையை எப்படிக் கவனிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். பெரும்பாலான வண்டிகளில் இக்னிஷன் போட்டிருக்கும்போது ஹீட்டரின் ஒரு முனைக்கு பியூஸ் வழியாக 12 வோல்ட் வந்து நிற்கும். மறுமுனையை இசிஎம் எர்த்தோடு சேர்த்தும் விட்டும், ஒரு நொடிக்குள் பல முறை மாற்றிக்கொண்டே இருக்கும். விட்டிருக்கும் நேரத்தில், ஹீட்டர் வழியாகவே வோல்டேஜ் ஏறிவந்து கன்ட்ரோல் வயரில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பி 0031. பியூஸ் போயிருந்தாலும் தெரியாது. ரிலே ஒட்டாவிட்டாலும், எலி வயரைக் கடித்திருந்தாலும், கப்ளரில் ஒரு பின் பின்வாங்கியிருந்தாலும் தெரியாது. கன்ட்ரோல் வயர் தோலுரிந்து பாடியில் உரசினாலும் தெரியாது. ஹீட்டர் அறுந்தாலும் தெரியாது. கோடு இத்தனையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பி 0032 இதற்கு நேர் எதிர்: எர்த்தோடு சேர்த்த பிறகும் வயரில் வோல்டேஜ் இறங்கவில்லை, அதாவது எங்கோ ஷார்ட். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் இசிஎம் கரன்ட்டையே அளக்கிறது. 0.8 ஆம்பியருக்குக் கீழே போனால் 31, 10 ஆம்பியரைத் தாண்டினால் 32.

கூடவே வேறு கோடு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்க சென்சாரின் ஹீட்டருக்கான பி 0037, அல்லது வி-6 இன்ஜினில் மறுபக்கத்துக்கான பி 0051 சேர்ந்தே வந்திருந்தால் முதலில் கை வைக்க வேண்டியது பியூஸ் பாக்ஸில். இரண்டு சென்சார் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு சாகாது. இரண்டுக்கும் பொதுவான பியூஸோ ரிலேயோ போயிருக்கும். போன பியூஸை மாற்றிவிட்டு அப்படியே அனுப்பிவிடவும் கூடாது. அது ஏன் போனது என்று வயரைத் தடவிப் பார்க்க வேண்டும். சைலன்சர் குழாயின் மேல் விழுந்து உருகிய வயர்தான் வழக்கமான குற்றவாளி.

‘பியூஸ் நல்லாருக்கு, கப்ளர்ல 12 வோல்ட் வருது. அப்ப வயரிங் ஓகே.’

நல்ல மெக்கானிக்குகளையும் ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான். மீட்டர் பொய் சொல்வதில்லை. நாம் அதைக் கேட்கும் கேள்விதான் தப்பு.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் தடை சாதாரணமாக 10 மெகாஓம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் கரன்ட் ஓர் ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்ப கரன்ட்டுக்கு, முறுக்கு வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். ஏர்-ஃபியூயல் சென்சாரின் ஹீட்டர் கேட்பதோ ஆம்பியர் கணக்கில். பழைய பாணி ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் 2 ஆம்பியர் அளவில் அடங்கிவிடும். டொயோட்டா வகை ஏர்-ஃபியூயல் சென்சார் 8 ஆம்பியர் வரை இழுக்கும்.

கணக்காகவே பார்ப்போம். ஹீட்டரின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயும், 72 வாட் சூடு கிடைக்கும். மழைநீர் புகுந்து பச்சை பூத்த ஒரு பின், கப்ளரில் வெறும் 1 ஓம் தடையைச் சேர்க்கிறது. மொத்தம் 3 ஓம் ஆனதும் கரன்ட் 4 ஆம்பியருக்கு இறங்கும். ஹீட்டருக்குக் கிடைப்பது 8 வோல்ட், அதாவது 32 வாட். பாதிகூட இல்லை. மீதி 16 வாட் அந்தப் பின்னிலேயே சூடாகி கப்ளரின் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கும். கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தால் அப்போதும் 12 வோல்ட்தான் காட்டும். குழாயை மூடி வைத்திருக்கும்வரை அடைப்பு தெரியாது. திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும்.

ஆகவே லோடு கொடுத்துப் பாருங்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று போதும், அது நாலரை ஆம்பியர் இழுக்கும். சென்சார் கப்ளரைக் கழற்றி, வண்டிப்பக்கக் கப்ளரின் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் பல்பைக் கொடுத்து இக்னிஷனைப் போடுங்கள். இன்ஜின் ஓடினால்தான் ரிலே ஒட்டும் வண்டிகளும் உண்டு. பல்பு எரியும்போதே அந்தப் பின்னில் வோல்டேஜை அளந்து, பேட்டரி முனையில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழுது இந்தப் பக்கம்தான். பியூஸின் இரு முனை, ரிலேயின் இரு முனை என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனால் அது அகப்பட்டுவிடும். மீட்டரின் தடித்த ஊசியைப் பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் அகன்றுபோய், இல்லாத பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம். வயரின் தோலை ஊசியால் குத்துவதும் அப்படித்தான். அந்தத் துளை வழியாக அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும்.

சப்ளை சரியென்றால் அடுத்து இசிஎம் பக்கம். இதற்கு 5 வாட் பார்க்கிங் பல்பு போதும், பெரிய பல்பு வேண்டாம். கப்ளரின் இரண்டு ஹீட்டர் பின்களுக்கும் குறுக்கே அதைக் கொடுத்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பல்பு துடித்தாலோ மங்கலாக எரிந்தாலோ இசிஎம் தன் வேலையைச் செய்கிறது. முதல் சில நொடிகளைத் தவறவிடாமல் பாருங்கள். எதிர்பார்த்த கரன்ட் இல்லையென்று தெரிந்ததும் இசிஎம் ஹீட்டரை நிறுத்திவிடும். அதன் பிறகு பல்பு எரியாததைப் பார்த்து ‘இசிஎம் போச்சு’ என்று தீர்ப்பெழுதுவது சென்சாரை வீணாக மாற்றுவதைவிடப் பெரிய அநியாயம்.

‘ஹீட்டருக்கு பேட்டரியை நேரா கொடு. சிவந்தா நல்ல சென்சார்.’

தயவுசெய்து செய்யாதீர்கள். நல்ல சென்சாரைக் கொல்லும் வழி இது. உள்ளே இருப்பது சிர்கோனியா, அலுமினா பீங்கான் அடுக்குகள்; அவற்றுக்கு நடுவே அச்சிட்ட பிளாட்டினக் கோடுதான் ஹீட்டர். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு, சூடேற ஏற அது பல மடங்காகும். குளிர்ந்த ஹீட்டரில் முழு 12 வோல்ட்டைக் கொடுத்தால் கரன்ட் வெள்ளமாகப் பாயும், பீங்கான் ஒரு பக்கம் மட்டும் சூடேறி வெடிக்கும். இசிஎம் அப்படிச் செய்வதே இல்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டில் சைலன்சர் குழாய்க்குள் நீர்த்துளிகள் நிற்கும். அவை ஆவியாகும்வரை மெல்லச் சூடேற்றி, பிறகே வேகம் கூட்டும். பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யு 4.9 சென்சாருக்கு வோல்டேஜைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே விதி வைத்திருக்கிறார்.

ஹீட்டரைச் சோதிக்கத் தடையை அளந்தால் போதும். அதையும் சென்சார் நன்றாக ஆறிய பிறகு அளக்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருப்பது 20 டிகிரி வெப்பத்துக்கான அளவு. டொயோட்டாவில் பல மாடல்களுக்கு அது 1.8 முதல் 3.4 ஓம், சில பழைய மாடல்களுக்கு 0.8 முதல் 1.4 ஓம். இவ்வளவு சிறிய தடையை அளக்கும்போது மீட்டர் வயரின் சொந்தத் தடையே கணக்கைக் கெடுக்கும். முதலில் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, வரும் அளவைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் இரும்பு உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே ஷார்ட். ஹீட்டரின் தடை எல்லையற்றதாக வந்தால் அது அறுந்துவிட்டது. இப்போது தாராளமாகப் புது சென்சார் வாங்கலாம்.

அறுந்த ஹீட்டரைப் பெட்ரோலிலோ தின்னரிலோ ஊறவைத்துக் கழுவினால் உயிர் வரும் என்பதற்கு இரண்டு வரிப் பதில் போதும். அறுந்த பிளாட்டினக் கோடு பீங்கானுக்கு உள்ளே இருக்கிறது. எந்தத் திரவமும் அதை ஒட்டவைக்காது.

‘இன்ஜின் சூடே போதும், ஹீட்டர் சும்மா ஒரு கூடுதல் வசதி.’

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. பாஷ் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த முதல் லாம்டா (ஆக்ஸிஜன்) சென்சாரில் ஹீட்டர் கிடையாது. சைலன்சரின் சூட்டை நம்பியே அது வேலை செய்தது. ஹீட்டர் வைத்தது 1982-இல்தான் வந்தது. அந்தக் கால சென்சாருக்கு முந்நூற்றைம்பது, நானூறு டிகிரி போதும். இன்றைய ஏர்-ஃபியூயல் சென்சாருக்கு டொயோட்டாவில் சுமார் 650 டிகிரி வேண்டும், எல்எஸ்யு 4.9-க்கு சுமார் 780. சிக்னலில் வண்டி நிற்கும்போது வரும் புகையில் அந்தச் சூடு இருக்காது.

ஹீட்டர் இல்லாவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும், அதனால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் சென்சாரின் பேச்சைக் கேட்க முடியாத இசிஎம், மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கின்படி பெட்ரோலை ஊற்றும். கலவை கூடினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகத்தின் விலைக்கு முன் சென்சார் விலை ஒன்றுமே இல்லை. புகையில் உள்ள நச்சின் பெரும்பகுதி வெளியேறுவதும் குளிர்ந்த ஸ்டார்ட்டின் முதல் ஓரிரு நிமிடங்களில்தான். அந்த நிமிடங்களுக்காகவே இந்த ஹீட்டர் இருக்கிறது. ‘புகைச் சான்றிதழ் வாங்கிட்டேனே’ என்பவர்கள், அந்தச் சோதனை சூடான இன்ஜினில் நடப்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல்தான் ஹீட்டரை எரித்தது என்றும் இப்போது பேச்சு கிளம்பியிருக்கிறது. பெட்ரோல் ஹீட்டரைத் தொடுவதே இல்லை. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. இ-20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். இந்த வித்தியாசத்தைக் கண்டு கலவையைத் திருத்துவது இதே சென்சார்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறவர்களுக்கு ஹீட்டர் நன்றாக இருப்பது இன்னும் அவசியம்.

‘நாலு வயர் சென்சார் எல்லாம் ஒண்ணுதான், வெட்டி ஒட்டிக்கலாம்.’

கப்ளர் பொருந்துவதால் மட்டும் சென்சார் பொருந்திவிடாது. சாதாரண ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் டொயோட்டாவில் 11 முதல் 16 ஓம் வரை இருக்கும். ஏர்-ஃபியூயல் சென்சார் இருந்த இடத்தில் அதை மாட்டினால் ஓர் ஆம்பியர் அளவுக்கே ஓடும், ஹீட்டர் கோடு திரும்ப வர வாய்ப்பு அதிகம். சிக்னலும் வேறு. ஒன்று 0.1 முதல் 0.9 வோல்ட் வரை துள்ளும். மற்றது கரன்ட்டின் திசையையும் அளவையும் வைத்துப் பேசும்.

வெட்டி ஒட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. புகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைப் பல சென்சார்கள் தங்கள் வயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் உறிஞ்சுகின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும், கப்ளருக்குள் கிரீஸ் அப்பினாலும் கெடும். எல்எஸ்யு வகையில் அந்தந்த சென்சாருக்கென்று அளந்து வைத்த சிறு ரெசிஸ்டர் கப்ளருக்குள்ளேயே இருக்கிறது. பழைய கப்ளரை வெட்டிப் புது சென்சாரில் ஒட்டுகிறவர், வேறொரு சென்சாரின் கணக்கை இதற்குக் கொடுக்கிறார்.

பழுதைச் சரிசெய்து கோடை அழித்த பிறகு, விளக்கு எரியவில்லை என்று உடனே நிம்மதி அடைய வேண்டாம். பல வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பழுது தென்பட்டால்தான் விளக்கு எரியும். முதல் முறை தென்பட்டதை இசிஎம் பென்டிங் கோடாகக் குறித்து மட்டும் வைத்திருக்கும். வண்டியை ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் பென்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். மறுநாளும் அதே மாதிரி பாருங்கள். இரண்டு காலையும் அது காலியாக இருந்தால் வண்டியை உரிமையாளரிடம் கொடுக்கலாம்.