ஒரே பெயர், இரண்டு கப்பல்கள்

கேள்வி: ஐ.என்.எஸ். நீலகிரி என்ற போர்க்கப்பலுக்கு நம் மலையின் பெயரா? பழைய நீலகிரியும் இதுவும் ஒன்றா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: பெயர் நம் மலையுடையதுதான். கப்பல்கள் வேறு வேறு. முதல் நீலகிரி 1972-இல் கடற்படையில் சேர்ந்தது. பிரிட்டனின் லியாண்டர் வகை வரைபடத்தை வைத்து மும்பை மசகான் தளத்தில் கட்டிய ஃபிரிகேட் அது. நீராவி டர்பைனில் ஓடியது. 1996-இல் ஓய்வு பெற்றது. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய போர்க்கப்பலை இங்கேயே கட்டியதை நான் பெரும் சாதனையாகவே நினைக்கிறேன். பின்னால் வந்தவை எல்லாம் அந்த அனுபவத்தில் முளைத்தவை.

இன்றைய நீலகிரி 2025 ஜனவரி 15-இல் சேர்ந்தது. அதே தளம்தான், ஆனால் வடிவமைப்பு நம்முடையது. நீளம் 149 மீட்டர். பக்கச் சுவர்கள் சாய்வாக இருப்பதைப் படத்தில் கவனித்திருப்பீர்கள். எதிரியின் ரேடார் அலை அதில் பட்டு வேறு திசையில் சிதறிவிடும். திரையில் இவ்வளவு பெரிய கப்பல் சிறு படகுபோல் தெரியலாம். ஏவுகணைகளையும் மேல்தளத்துக்குள் புதைத்துவிட்டார்கள்: கப்பல்களைத் தாக்க 8 பிரமோஸ், விமானங்களையும் வரும் ஏவுகணைகளையும் வீழ்த்த 32 பராக்-8. நீர்மூழ்கியைத் தேட சோனாரும் ஹெலிகாப்டரும் உண்டு. நிதானமாகப் போக டீசல் எஞ்சின், விரட்டிப் பிடிக்க கேஸ் டர்பைன்.

இதன் உடன்பிறப்புகள் ஆறு. உதயகிரி, மகேந்திரகிரி என்று எல்லாமே மலைப் பெயர்கள்.