குழந்தைக்குப் பூசும் கிறீமில் என்ன இருக்கிறது?

எமது வீடுகளில் குழந்தை பிறந்தால் ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் கிறீம், எண்ணெய், பவுடர் என்று பொதிகள் வந்து சேரும். வைலேயில் நாம் வாங்குவதும் உண்டு. இவை பல மாதங்கள் பழுதடையாமல் இருப்பது எப்படி?

நீர் கலந்த கிறீமில் பூஞ்சணமும் கிருமிகளும் இலகுவில் வளரும். அதைத் தடுக்கவே நற்காப்புப் பொருட்களைச் சேர்க்கிறார்கள். அவற்றுள் ஒரு வகை பரபென்கள். இவற்றில் சில, உடலில் ஈஸ்திரோஜின் என்னும் பெண் ஹோர்மோனைப் போல மெலிதாகச் செயற்படக்கூடியவை. அதனால் 2011இல் டென்மார்க், 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான அழகு, பராமரிப்புப் பொருட்களில் புரோப்பைல், பியூட்டைல் பரபென்களைத் தடைசெய்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து வகைப் பரபென்களை முற்றாகத் தடைசெய்தது. புரோப்பைல், பியூட்டைல் இரண்டுக்கும் 0.14 வீதம் என எல்லை வைத்தது. இச்சிறு பிள்ளைகளுக்கு நாப்பி கட்டும் இடத்தில் பூசும் கிறீம்களில் அவை அறவே கூடாது என்றது.

இவ்வளவு சிறிய அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கொழுப்பு, மெழுகு, வாசனை எல்லாம் கலந்த கிறீமிலிருந்து முதலில் பரபெனைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஆய்வாளர்கள் கையாளும் முறைகளில் ஒன்று மின்நூற்றல். நைலோன், பொலிஸ்ரைரீன் போன்ற பல்பகுதியக் கரைசலை ஊசிமுனையில் விட்டு, பல ஆயிரம் வோல்ற் மின்னழுத்தம் கொடுப்பார்கள். அது தலைமயிரிலும் பல மடங்கு மெல்லிய நூலாக இழுபட்டுப் பஞ்சுபோலப் படியும். நீரில் கரைத்த மாதிரியை அந்தப் பஞ்சினூடாக விட்டால், வெள்ளை வேட்டியில் மஞ்சள் பிடிப்பதுபோல் பரபென் நூலில் ஒட்டிக்கொள்ளும். நூல் மெல்லியது என்பதால் ஒட்டும் பரப்பு மிக அதிகம். சிறிதளவு பஞ்சே போதும். பின்பு மதுசாரம் போன்ற கரைப்பானால் அதைக் கழுவி எடுத்துக் கருவியில் அளப்பார்கள்.

இது ஆய்வுகூடத்தின் வேலை. வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. லேபலில் "பரபென்" என்று முடியும் பெயர்களைத் தேடுவோம். மெதைல், எதைல் வகைகள் குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டவை. குழந்தைக்குப் புரோப்பைல், பியூட்டைல் வகைகளைத் தவிர்ப்போம்.

2. பொதியில் வந்த பொருள் இங்குள்ள சட்டப்படி தயாரானதாக இல்லாதிருக்கலாம். உள்ளடக்கம் எழுதப்படாததைக் குழந்தைக்குப் பூச வேண்டாம்.

3. நற்காப்புப் பொருள் இல்லாத கிறீம் விரைவில் பழுதாகும். திறந்த திகதியை மூடியில் எழுதி வைப்போம்.

பயப்படத் தேவையில்லை. அன்போடு அனுப்பிய பொதிதான். என்றாலும் பூசுமுன் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம்.