உலோகக் கூட்டுப்பொருளும் சராசரிக் கணக்கும்

கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுவது ஏன் என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும். அதே யோசனைதான் உலோகத்திலும். 1983-ல் டொயோட்டா நிறுவனம் தன் டீசல் எஞ்சின் பிஸ்டனில், வளையம் உட்காரும் பள்ளப் பகுதியை மட்டும் பீங்கான் இழை கலந்த அலுமினியத்தால் செய்தது. டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்த எனக்கு இதில் தனி ஆர்வம்.

இத்தகைய பொருளைக் கணக்கில் பிடிப்பது எப்படி? முதலில் விறைப்பு. அலுமினியத்தின் யங் குணகம் 70 கிகாபாஸ்கல். சாணைச் சக்கரத்தில் உள்ள சிலிக்கான் கார்பைடுக்குச் சுமார் 400. கன அளவில் 80 பங்கு அலுமினியத்தில் 20 பங்கு துகள் கலப்போம். இரண்டும் இழுவிசையின் திசையில் பக்கம் பக்கமாகக் கிடந்து சமமாக நீள்வதாகக் கொண்டால், 0.8 × 70 + 0.2 × 400 = 136. இது ஃபோய்க்ட் 1889-ல் காட்டிய வழி. அடுக்கடுக்காக இருந்து, ஒவ்வோர் அடுக்கும் ஒரே தகைவைத் தாங்குவதாகக் கொண்டால் 84தான் வரும். இது ராய்ஸ் 1929-ல் சொன்னது. சோதனையில் கிடைப்பதோ ஏறத்தாழ 100. துகள் நீண்ட இழை அல்லவே! ஆகவே விடை கீழ் எல்லைப் பக்கமே சாய்கிறது.

இதுவரை சரி. எப்போது உடையும் என்று கேட்டால் இந்தக் கணக்கு வாயடைத்துப் போகிறது. பணிமனையில் ஒருமுறை உடைந்த வார்ப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. சராசரித் தகைவு அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. கணக்கை மூன்று முறை போட்டேன். பிறகுதான் உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் மிளகளவு காற்றுக்குழி. (முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்!)

கூட்டுப்பொருளில் அந்தக் குழியின் வேலையைத் துகள் கூட்டம் செய்கிறது. துகள்கள் நெருங்கிய இடத்தில் தகைவு குவியும். துகள் பிளக்கும், அல்லது அலுமினியத்தை விட்டுப் பிரியும். அதனால்தான் விறைப்பு ஏறும்போது, உடையுமுன் நீளும் தன்மை வெகுவாகக் குறைகிறது. இன்னொன்று: சூடு ஆறும்போது அலுமினியம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்கும், கார்பைடு 4 பங்குதான். எடை ஏற்றுமுன்பே துகளைச் சுற்றி இழுவிசை காத்திருக்கும்.

கணிப்பொறியில் ஒரு துகளையும் சுற்றியுள்ள அலுமினியத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். ஒற்றைத் துகள் மாதிரியில் துகள் கூட்டம் வராது. நுண்ணோக்கிப் படத்தில் துகள்கள் கிடக்கும் ஒழுங்கின்மையை அப்படியே உள்ளே கொடுத்தால்தான் விரிசல் எங்கே தொடங்கும் என்று தேட முடியும்.