பழைய டிரெஞ்சரும் அடிக்கூலியும்: சில குறிப்புகள்

கிணற்றிலிருந்து வயலுக்கு பைப் இறக்க, சொட்டுநீர் மெயின் லைன் போட, மோட்டாருக்கு கேபிள் புதைக்க என்று, டிராக்டரின் பின்னால் மாட்டும் செயின் டிரெஞ்சரைத் தேடி வருபவர்கள் பலர். இரண்டு மூன்று கை மாறிய மெஷினை வாங்கி வாடகைக்கு விடும் குடும்பங்களுக்காக இவை.

1. விற்பவர் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தால் விலை பேசுவதற்கு முன் வெல்டிங்கைப் பாருங்கள். செயின் சுற்றிவரும் நீளமான பூம், சட்டத்தோடு சேரும் மூலைகளில்தான் விரிசல் விடும். பிறகு ஸ்பிராக்கெட். பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் ஆகியிருந்தால் செயினும் முடிந்துவிட்டது என்று பொருள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

2. கியர்பாக்ஸ் ஆயிலில் ஒரு சொட்டை விரலில் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். வெள்ளிப்பொடிபோல் மினுங்கினால் உள்ளே பல்சக்கரம் தேய்கிறது. பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

3. மெஷினை மணலில் ஓட்டிக் காட்டுவார்கள். அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கெட்டியான தரையில் அரை மணி நேரமாவது தோண்டச் சொல்லுங்கள். ஆயில் சூடேறிய பிறகுதான் ஹோஸ் கசிவும் பேரிங் சத்தமும் வெளியே வரும்.

4. உங்கள் டிராக்டரில் கிரீப்பர் கியர் இருக்கிறதா? சாதாரண முதல் கியரில் டிராக்டர் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மூன்றடி ஆழத்துக்குச் செயின் மண்ணை வெட்டி வெளியே தள்ள, மணிக்கு நூறு மீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். கிரீப்பர் இல்லாமல் அரை கிளட்சில் சமாளிப்பவர்கள் மெஷினில் மிச்சம் பிடித்ததைக் கிளட்ச் பிளேட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

5. பி.டி.ஓ. ஷாஃப்டின் மேல்உறை உடைந்திருந்தால் புதிது வாங்கி மாட்டிய பிறகே வேலைக்கு அனுப்புங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டு அது. வேட்டி, லுங்கி, தோள் துண்டு எதன் நுனி பட்டாலும் ஆளையே சுருட்டிவிடும். செயினில் சிக்கிய வேர், கயிறு, பழைய சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றை இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் பிடுங்க வேண்டும்.

6. இனி கூலி. பக்கத்து ஊர்க்காரர் கேட்கும் ரேட்டையே நாமும் கேட்பது எளிது; அவர் நஷ்டத்தில் ஓட்டுகிறாரா என்பது நமக்கு எப்படித் தெரியும்? முதலில் ஒரு மணி நேரத்துக்கு நம் கைக்காசு எவ்வளவு போகிறது என்று எழுதிப் பாருங்கள். ஓர் உதாரணம்: டீசல் 5 லிட்டர், 92 ரூபாய் வீதம் 460. டிரைவரும் உதவியாளும் 200. பல், செயின், கிரீஸ் 200. டிராக்டர் தேய்மானம் 140. மெஷின் மூன்று லட்சத்துக்கு வாங்கியது, ஐந்து வருடம் ஓட்டி ஒரு லட்சத்துக்கு விற்கலாம் என்றால் வருடத்துக்கு 40,000. வருடம் 400 மணி நேரம் ஓடினால் மணிக்கு 100. மொத்தம் 1,100 ரூபாய். இது அடக்கம்தான், லாபம் இதற்கு மேல். 400 மணி நேரம் 200 ஆகக் குறைந்தால் அந்த 100 ரூபாய் 200 ஆகிவிடும். பழைய மெஷின் மலிவு என்று நினைக்கும்போது சும்மா நிற்கும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

7. இதே 1,100 ரூபாயை அடிக்கணக்கில் பிரித்தால் மண்ணின் குணம் தெரியும். பொலபொலப்பான செம்மண்ணில் மணிக்கு 275 அடி போனால் அடிக்கு 4 ரூபாய் அடக்கம். சுக்கான் கலந்த தரையில் 50 அடிதான் நகர்ந்தது என்றால் 22 ரூபாய். எல்லா இடத்துக்கும் ஒரே அடிக்கூலி சொல்பவர் செம்மண் காட்டில் சம்பாதித்ததைச் சுக்கான் காட்டில் விட்டுவிட்டு வருவார். மண் தெரிந்த இடத்தில் அடிக்கணக்கு, தெரியாத இடத்தில் மணிக்கணக்கு. என்னைக் கேட்டால் பாறைக்கு எந்தக் கணக்கும் வேண்டாம், ஜேசிபி-யையும் பிரேக்கரையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம்.

8. ரேட் சொல்லும் முன் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே எட்டிப் பார்த்தால் எத்தனை அடியில் சுக்கான், எத்தனை அடியில் பாறை என்று சுவரிலேயே தெரியும்.

9. ஆழத்தை வாயால் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். பாசன பைப்புக்கு உழவுக் கொழு படாத ஆழம் இருந்தால் போதும் என்று இரண்டடி கேட்பார்கள். வேலை பாதியில் இருக்கும்போது “இன்னும் ஒரு அடி போடுங்கண்ணே” என்பார்கள். மின்கேபிள் என்றால், இந்தியத் தர விதிமுறையில் சாதாரண லோ டென்ஷன் கேபிளுக்கு 0.75 மீட்டர், 11 கே.வி.க்கு 0.9 மீட்டர் ஆழம் சொல்லியிருக்கிறது. ஆழம் கூடக்கூட வேகம் குறையும், பல் தேயும். கூடுதல் அடிக்கு ரேட்டும் கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இல்லை.

10. போய்வரும் தூரத்துக்கும் காசு உண்டு. அறுபது அடி வேலைக்குப் பதினைந்து கிலோமீட்டர் போய் வந்தால் அடிக்கூலி டீசலுக்கே சரியாகிவிடும். குறைந்தபட்சம் இத்தனை மணி நேர வாடகை என்று ஒன்றை வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களிடமும் அதையே சொல்லுங்கள். அங்கேதான் நாக்கு எழாது!

11. மண்ணுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது ஊராட்சி டேங்க் ஆபரேட்டருக்கும் மின்வாரிய லைன்மேனுக்கும் தெரிந்த அளவு நிலத்துக்காரருக்கே தெரியாது. இருவரையும் கேளுங்கள். ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையும் மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியிருக்கிறது; தோண்டும் இடத்தைப் பதிந்தால் கேபிள், பைப் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். கூட்டுக் குடிநீர்க் குழாயை உடைத்தால் ஒரு மாத வருமானம் போய்விடும், ஊரே திட்டும். ரோட்டை வெட்ட வேண்டியிருந்தால் அனுமதி வாங்குவது வேலை கொடுத்தவர் பொறுப்பு. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மெஷினை இறக்குங்கள்.

12. கரிசலில் மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். செயின் முழுக்கக் களி அப்பிக்கொண்டு மண்ணைத் தள்ளவே தள்ளாது. நாலைந்து நாள் காயட்டும். கோடையில் இறுகிய செம்மண்ணை முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவைக்கச் சொன்னால் பல் செலவு குறையும்.

13. செயினை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங் போகும், தொளதொளவென்று விட்டால் கழன்று விழும். மெஷினோடு வந்த புத்தகத்தில் உள்ள தளர்வை வையுங்கள். தேய்ந்த பல்லை அவ்வப்போது மாற்றிவிடுங்கள். மொட்டைப் பல்லோடு ஓட்டினால் மிச்சமாகும் காசைவிட டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

14. பள்ளத்தை மூடுவது யார் வேலை என்று பேசிக்கொள்ளுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மூடித் தருவதாக இருந்தால் தனி ரேட். பைப் போட்டுத் தண்ணீர் ஓட விட்டுக் கசிவு பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்பதால் இன்னொரு நாள் வர நேரும். அந்தப் போக்குவரத்தையும் இதில் சேருங்கள்.

15. அளந்து காட்டிய அன்றே பணம் வாங்கிவிடுங்கள். டேப்பின் ஒரு முனையை நிலத்துக்காரர் கையிலேயே கொடுத்து அளங்கள். மூடிய பள்ளத்தை யாராலும் அளக்க முடியாது.