மிக்ஸிப் பெட்டியில் ஒரு ரிசப்ஷன் கோட்டு

நெளி அட்டை பிறந்ததே மனிதர்கள் அணிவதற்காகத்தான். 1856-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹீலி, எட்வர்ட் ஆலன் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அன்றைய கனவான்கள் அணிந்த உயரத் தொப்பிகளின் உள்பக்கம் வைக்கிற பட்டையாகத்தான் அது பயன்பட்டது. 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் அதில் சுற்றினார். பெட்டியானது அதற்கும் பிறகு. ஆகவே மிக்ஸி வந்த பெட்டியில் கோட்டு செய்து போட்டுக்கொள்கிறவரைப் பார்த்து யாரும் சிரிக்க நியாயமில்லை. சிரித்தால் இன்னும் நல்லது, அதற்குத்தானே போடுகிறோம்.

இங்கே செய்யப்போவது ஒரு ரிசப்ஷன் மாப்பிள்ளையின் முழு அலங்காரம்: கோட்டு, டை, வளையல், ஷூ, கூடவே ஒரு கிரீடம். கோட்டுக்குக் கிரீடம் பொருந்துமா என்று கேட்காதீர்கள், பொருந்திவிட்டால் சிரிப்பு வராது. பிறந்தநாள் விழா, பள்ளி மாறுவேடப் போட்டி, குடியிருப்பு ஆண்டு விழா எதற்கும் ஆகும். பிள்ளைக்குச் செய்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் செய்தால் கைதட்டல் அதிகம்.

தொடங்கும் முன் ஒன்று. அட்டையை அட்டையாகவே காட்டுங்கள். வர்ணம் பூசி, ஜிகினா ஒட்டி, வெல்வெட் போல ஆக்கப் பார்த்தால் அது மட்டமான வெல்வெட்டாகத்தான் முடியும். கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்தும் அம்புக்குறியும் தெரிய, வெட்டும் அளவும் மட்டும் தேர்ந்த தையல்காரர் கைவேலை மாதிரி கச்சிதமாக இருந்தால் பார்த்தவுடன் சிரிப்பு வரும். போதாததற்கு, ஒரு பக்கம் மட்டும் போஸ்டர் கலர் பூசிய அட்டை காயும்போது அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

பெட்டி பொறுக்குவது

மிக்ஸி, குக்கர், ஆன்லைன் பார்சல் பெட்டிகள் பெரும்பாலும் 3 பிளை. இரண்டு தட்டைத் தாள், நடுவில் ஒரு நெளிந்த தாள். உடைக்கு இதுதான் சரி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பெட்டிகள் 5 பிளையாக இருக்கும். அதில் கோட்டு செய்தால் போட்டவர் கதவு மாதிரி நிற்பார், உட்கார முடியாது. ஷூவின் அடிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் நெளி இல்லை. மீசை, கூலிங் கிளாஸ் மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு அது உதவும்.

பரணிலிருந்து எடுத்த பெட்டி என்றால் தட்டி, ஒரு பகல் வெயிலில் போடுங்கள். மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டையும் ராமபாணப் பூச்சியும் குடியிருக்கும். ஓரத்துப் பின்களைக் குறடால் பிடுங்கி எண்ணி வையுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் மாப்பிள்ளை மேடையில் துள்ளுவார்.

வரி பார்த்து வெட்டுவது

துணிக்கு நேர், குறுக்கு உண்டு. அட்டைக்கும் உண்டு. நெளிவரி ஓடும் திசையையொட்டி மடித்தால் அட்டை சொன்னபடி வளையும். வரிக்குக் குறுக்கே மடித்தால் நொறுங்கி வெள்ளைக் காயம் காட்டும். உடம்பைச் சுற்றி வரும் எதற்கும், கோட்டோ கிரீடமோ, வரி மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஓரத்தில் எட்டிப்பார்க்கக்கூட வேண்டாம். அடுக்கும் பாரத்தைத் தாங்குவதற்காக வழக்கமான பெட்டிகளின் பக்கச் சுவர்களில் வரி செங்குத்தாகவே இருக்கும். பெட்டி நின்ற வாக்கிலேயே கோட்டை வரைந்தால் வேலை முடிந்தது.

வளைவு வேண்டிய இடத்தில் சப்பாத்திக் கட்டையின் மேல் வைத்து இரு கையாலும் அழுத்தி உருட்டுங்கள். கூரான மடிப்பு வேண்டுமென்றால், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுத்துக் கோடு போடுங்கள். எந்தப் பக்கம் மடியப்போகிறதோ அந்தப் பக்கத்தில் போட வேண்டும். கட்டர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்தால் ஓரம் பிசிறாது.

கோட்டு

கை இல்லாத கோட்டுதான். அட்டையில் கை வைத்துத் தைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், முழங்கை மடங்காத மாப்பிள்ளை மைக்கைக்கூடப் பிடிக்க முடியாது.

முதலில் செய்தித்தாளில் மாதிரி வெட்டி உடம்பில் வைத்துப் பாருங்கள். முதுகுத் துண்டின் அகலம் மார்புச் சுற்றளவில் பாதி. முன்பக்கம் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் சுற்றளவில் கால் பங்கு. நீளம் தோளிலிருந்து இடுப்புக்கு இரண்டு அங்குலம் மேலே வரை போதும். அதைத் தாண்டினால் நாற்காலியில் உட்காரும்போது கோட்டு மேலேறித் தாடையைத் தூக்கும். அக்குள் வெட்டைத் தையல்காரர் வெட்டுவதைவிட இரண்டு அங்குலம் ஆழமாக வெட்டுங்கள். துணி இழுபடும், அட்டை இழுபடாது.

தோளில் அட்டையை மடித்துப் போடக் கூடாது. முன் துண்டையும் பின் துண்டையும் பழைய வேட்டிக் கரையோ நாடாவோ வைத்து இணையுங்கள். கனம் துணியில் நிற்கும், கையும் தாராளமாக ஆடும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஷூ லேஸ் கோத்துக் கட்டுங்கள். இருபுறமும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் மூச்சு விடலாம், விருந்து சாப்பிட்ட பிறகும் விடலாம். ஓட்டைகளைச் சுற்றித் துணி டேப் ஒட்டாவிட்டால் லேஸ் அட்டையைக் கிழித்துக்கொண்டு வரும். கழுத்து, அக்குள் ஓரங்களிலும் அதே டேப்பை மடித்து ஒட்டுங்கள். வெட்டிய அட்டை ஓரம் கழுத்தை அறுக்கும்.

காலருக்குக் கழுத்திலிருந்து மார்பு வரை சாய்வாகப் பேனாக் கோடு போட்டு வெளிப்பக்கம் மடியுங்கள். இப்போது கோட்டுக்கு உயிர் கொடுக்கிற வேலை. மடித்த காலரின் மேல் தாளை ஈரத் துணியால் ஒற்றி, சற்றுப் பொறுத்து, மெல்ல உரித்தெடுங்கள். அடியில் இருக்கும் நெளிவரிகள் கார்டுராய் துணி போல வெளியே வரும். தாள்களை ஒட்டியிருப்பது ஸ்டார்ச் பசை, ஈரம் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் உள்ளே பருத்திச் சட்டை கட்டாயம். வியர்வையும் ஈரம்தான், பனியனோடு போட்டால் கேக் வெட்டுவதற்குள் கோட்டு தானாகவே உரியத் தொடங்கும்.

கோட்டின் முன்பக்கத்தில் எந்த அச்சு வரவேண்டும் என்று வெட்டும் முன்பே யோசியுங்கள். பெட்டிகளில் வரும் குறிகளுக்கு ஐஎஸ்ஓ 780 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. கோப்பைப் படம் உடையும் பொருள் என்பதற்கு, குடை நனையக் கூடாது என்பதற்கு, இரட்டை அம்பு மேல்பக்கம் எது என்பதற்கு. கோப்பை சரியாக இடது மார்பில் விழுந்தால் போதும், மாப்பிள்ளையின் மனநிலையை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டை

இரட்டை அம்பு இருக்கிற துண்டு டைக்கு. அம்பு முகத்தைப் பார்க்கட்டும். முடிச்சுக்குத் தனியாக ஒரு சிறு துண்டு வெட்டி, உடல் பகுதியின் மேல் ஃபெவிகால் வைத்து ஒட்டி, காயும்வரை துணி கிளிப் போட்டு வையுங்கள். பின்னால் எலாஸ்டிக். கழுத்தைச் சுற்றி அட்டைப் பட்டை வேண்டாம்.

கிரீடம்

தலைச் சுற்றளவோடு ஓர் அங்குலம் சேர்த்து, அரை அடி உயரத்தில் ஒரு பட்டை. மேல் ஓரத்தை இஷ்டப்படி வெட்டலாம், பெட்டியின் மூடி மடலை அப்படியே மேலே நீட்டிக்கொண்டு விட்டால் இன்னும் அழகு. உருட்டி வளைத்துப் பின்னால் கிளிப் போடுங்கள். தலையில் நேராக வைத்தால் நழுவும். தெருக்கூத்துக்காரர்கள் தலையில் துணியை இறுக்கிக் கட்டி அதன் மேல்தான் கிரீடத்தை ஏற்றுவார்கள், இத்தனைக்கும் அவர்கள் கிரீடம் மரத்தில் செதுக்கியது. விடிய விடிய ஆடினாலும் இறங்காது. ஒரு கைக்குட்டையைக் கட்டி அதே வித்தையைச் செய்யுங்கள்.

வளையலும் ஷூவும்

பேக்கிங் டேப் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டை வளையம் பெரும்பாலும் 3 அங்குல உள்விட்டம். வளையல் கடையில் 2-8 என்பது இரண்டரை அங்குலம். எனவே எந்தக் கைக்கும் தடையின்றி ஏறும். ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தால் ஒரு வளையத்தில் மூன்று வளையல் வரும். அகலமாக விட்டுக் கடிகாரமும் ஆக்கலாம். நேரத்தை வரைந்துகொள்ளுங்கள், முகூர்த்தம் தவறாது.

ஷூ என்றால் முழு ஷூ அல்ல, போட்டிருக்கும் செருப்பின் மேல் மாட்டும் கூடு. முன்பக்கம் மூக்கு நீளமாக, மேலே கயிறு கட்ட ஓட்டைகளோடு செய்து, பக்கங்களைச் செருப்புக்கு அடியில் ஒரு பட்டையால் இணையுங்கள். அந்தப் பட்டை 5 பிளைத் துண்டு. அதன் அடியில் பழைய சைக்கிள் ட்யூப் ஒட்டியே ஆக வேண்டும், டைல்ஸ் தரையில் அட்டை வழுக்கும். படிக்கட்டில் கழற்றிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

போடும் நாளில்

குத்துவிளக்கு, ஆரத்தி, கம்பி மத்தாப்பு, கேக் மெழுகுவத்தி இவற்றிலிருந்து எட்டியே நிற்க வேண்டும். மெழுகுவத்தியை வேறு யாராவது ஊதட்டும். சிறு பிள்ளைகளுக்குத் தலையை மூடும் பெட்டி வேண்டாம்.

வீட்டிலேயே அலங்காரத்தை முடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கோட்டு போட்ட மாப்பிள்ளை ஆட்டோவுக்குள் நுழைய முடியாது. லேஸை அவிழ்த்தால் கோட்டு மூன்று தட்டைத் துண்டாகிவிடும். கிரீடத்தின் கிளிப்பைக் கழற்றினால் அதுவும் ஒரு பட்டைதான். எல்லாவற்றையும் அடுக்கிப் பழைய பெட்ஷீட்டில் கட்டி எடுத்துப்போய் மண்டபத்து அறையில் மாட்டிவிடுங்கள். கையில் ஒரு துணி டேப் சுருளும் நாலு கிளிப்பும் உபரியாக இருக்கட்டும். விழா முடிந்து பழைய பேப்பர் கடைக்குப் போடுவதென்றால் டேப்பையும் எலாஸ்டிக்கையும் உரித்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் எடையில் பிடித்துக்கொள்வார்.