சுள்ளென்று படாத அடி

அன்புத் தம்பிக்கு,

மாத்தளை திருகோணமலை வீதியில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து சந்தோஷம். "மாத்தளை ஈரமான ஊர்தானே, இங்கே நிலைமின்னுக்குப் பயப்பட வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டும்.

ஈரக்காற்று மின்னேற்றத்தைக் குறைக்கும், ஒழித்துவிடாது. கார்பட்டில் நடந்தால் வறண்ட காற்றில் உடம்பில் 35,000 வோல்ட் வரையும், ஈரக்காற்றில் 1,500 வோல்ட் அளவும் ஏறலாம் என்பது தொழிற்கையேடுகளின் கணக்கு. விரல் நுனியில் சுள்ளென்று உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் கெட 100 வோல்ட்டே போதும். ஆக, உனக்கு உறைக்காத அடியே சாமானைக் கெடுத்துவிடும். தம்புள்ளைப் பக்கம் வறண்ட மாதங்களில் ஏசி அறைக்குள் வேலை என்றால் இன்னும் கவனம்.

அடிபட்ட ரேம் அன்றைக்கே சாகவேண்டும் என்றில்லை. கடையில் ஒழுங்காக ஓடும். சில மாதம் கழித்து ரத்தோட்டையில் யாரோ ஒருவர் வீட்டில் நின்றுபோகும். "சாமான் சரியில்லை" என்பார் அவர். நீயும் அதையே நம்புவாய். இந்தப் பிழை உன்னைத் தேடி வந்து திருத்தாது. கையே பழகியிருக்க வேண்டும்.

ரேம் பூட்டும்போது முதலில் பிளக்கைக் கழற்று. பவர் பட்டனை அமுக்கி மிச்ச மின்னை இறக்கு. நிலைமின்னை இறக்கும் கைப்பட்டி வெறும் தோலில் படிய வேண்டும். அதன் கிளிப் பெயின்ட் இல்லாத இரும்பைக் கவ்வ வேண்டும். ரேமை ஓரத்தில் பிடி, பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படாமல். சாமான் வரும் வெள்ளி நிற உறை உள்ளே இருப்பதைத்தான் காக்கும். அதன்மேல் போர்டை வைத்து வேலை செய்யாதே. இளஞ்சிவப்புப் பை வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. ரெஜிபோமும் பொலித்தீனும் மேசைக்கே ஆகாது.

கைப்பட்டிக்குள் 1 மெகா ஓம் தடை இருக்கிறது. தவறி 230 வோல்ட் பட்டாலும் உன் உடம்பில் கால் மில்லி அம்பியருக்கு மேல் ஓடவிடாது. ஆகவே வெறும் வயரைக் கையில் சுற்றிச் சமாளிக்காதே. அந்தத் தடையை நம்பி, கரண்ட் உள்ள பவர் சப்ளைக்குள் பட்டியோடு கை வைக்கவும் கூடாது.

கொம்பியூட்டரைப் பூட்டப் போகும் வீட்டில் ஏர்த்தைப் பார். சில வீடுகளில் சுவர்ப் பிளக் பொயின்டில் மூன்று துளை இருக்கும், உள்ளே ஏர்த் வயர் இருக்காது. "பெட்டியைத் தொட்டால் விறுவிறுக்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை நிலைமின் என்று தள்ளிவிடாதே. பெரும்பாலும் ஏர்த் இல்லாத கோளாறு அது. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை மெஷினை ஓடவிடாதே.

இதற்கெல்லாம் பில்லில் காசு போட முடியாது, முதலாளியும் அவசரப்படுத்துவார். அப்படியும் செய். கைப்பட்டியைத் தினமும் காலையில் மீற்றரால் சோதி. கடையில் பட்டி இல்லையென்றால் முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்