ஈறுல ரத்தம் வருதா?

காலையில பல் தேய்ச்சுத் துப்பும்போது ரத்தம் தெரியுதா? பிரஷ் குத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க. பெரும்பாலும் அது ஈறு நோயின் முதல் கட்டம். இப்பவே கவனிச்சா முழுசா சரியாகும்.

பல்லில் ஒட்டும் கிருமிப் படலம் சில நாட்களில் கல் மாதிரி இறுகி, காரை ஆகிவிடும். அதுக்கப்புறம் எந்த பேஸ்ட்டாலும் போகாது. பல் டாக்டர் ஸ்கேலிங் செய்துதான் எடுக்கணும்.

"ஸ்கேலிங் பண்ணா பல் ஆடும்"னு ஹாஸ்டல்ல சொல்வாங்க. பல் ஆடுவது ஸ்கேலிங்கால் அல்ல, ஈறு நோய் முற்றி எலும்பு கரைவதால். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

ரத்தம் வருதேன்னு தேய்க்கிறதை நிறுத்தாதீங்க. மென்மையான பிரஷ், தினமும் 2 வேளை, 2 நிமிஷம். 2 வாரத்தில் நிற்கலைன்னா டாக்டரைப் பாருங்க. செலவுதான் யோசனைன்னா, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.